ரிப்போர்ட்டட் ஸ்பீச் சொல்லிக்கொடுக்க எது நல்லது: அட்டவணையா, ஆளும் இடமும் நேரமுமா?

மாலையில் வீட்டுக்கு டியூஷன் வரும் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டைரக்ட் ஸ்பீச்சை (ஒருவர் பேசியதை அவர் சொன்னபடியே சொல்வது) ரிப்போர்ட்டட் ஸ்பீச்சாக (அவர் இப்படிச் சொன்னார் என்று நம் வாயால் சொல்வது) மாற்றுவதை இரண்டு விதமாகவும் நடத்திப் பார்த்துவிட்டேன். போன வருடம் அட்டவணை. இந்த வருடம், யார் யாரிடம் சொன்னார், எங்கே, எப்போது என்று கேட்டுக்கேட்டு மாற்றும் வழி. இனிமேல் இரண்டாவதுதான்.

அட்டவணை நம் எல்லோருக்கும் தெரிந்ததே. ‘இஸ்’ வந்தால் ‘வாஸ்’, ‘வில்’ வந்தால் ‘வுட்’, ‘செட் டு’ வந்தால் ‘டோல்ட்’. பிரதிப்பெயருக்கு எஸ்.ஓ.என். என்று ஒரு சூத்திரம்: தன்மை சப்ஜெக்ட்டை, அதாவது சொன்னவரைப் பார்த்து மாறும், முன்னிலை ஆப்ஜெக்ட்டை, அதாவது யாரிடம் சொன்னாரோ அவரைப் பார்த்து மாறும், படர்க்கை மாறாது (நோ சேஞ்ச்). இரண்டு நாளில் நடத்தி முடிக்கலாம். நாளைக்கே தேர்வு என்றால் நானும் அதைத்தான் எடுப்பேன்.

இன்னொரு வழிக்கு வருகிறேன். மொட்டை மாடியில் ஒரு பெண்ணின் காதில் ‘ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் யூ ஹியர்’ என்று சொல்லி, கீழே போய் மற்றவர்களிடம் நான் சொன்னதைச் சொல் என்று அனுப்பினேன். ‘அக்கா செட் ஷீ வாஸ் வெயிட்டிங் ஃபார் மீ...’ வரை தடங்கல் இல்லை. அப்புறம் ‘ஹியர்’ என்று வாயெடுத்தவள் நிறுத்தி, விரலை மேலே மாடிப் பக்கம் நீட்டி, ‘தேர்’ என்றாள். ‘யூ’ எப்படி ‘மீ’ ஆனது என்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை, காத்திருப்பது தனக்காகத்தான் என்பது அவளுக்கே தெரியுமே.

கேள்விகளுக்குத் தமிழே கைகொடுக்கிறது. ‘டூ யூ லைக் டீ?’ என்பதைத் தமிழில் ‘எனக்கு டீ பிடிக்குமா என்று கேட்டான்’ என்போம். அந்த ‘மா’வில் இருக்கிற ‘ஆ’தான் ஆங்கிலத்தில் ‘இஃப்’. ‘எங்கே போகிறாய்’ என்பதில் அந்த ‘ஆ’ கிடையாது, கேள்விச் சொல் ஏற்கெனவே இருக்கிறது, அதனால் அங்கே ‘இஃப்’பும் வராது.

காலத்தை மாற்றுவதில்தான் தமிழ் உதவாது. ‘தான் படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்’ என்கிறோம், சொன்னது நேற்றானாலும் ‘படித்துக்கொண்டிருந்ததாக’ என்று மாற்றுவதில்லை. ஆங்கிலத்தில் ‘ஷீ செட் ஷீ வாஸ் ஸ்டடியிங்’ என்று ஒரு படி பின்னால் போக வேண்டும். இந்த ஒன்றுக்கு மட்டும் அட்டவணையின் ஒரு துண்டை வைத்திருக்கிறேன், அதை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

நான் முடிவெடுத்தது ஒரே காரணத்தால். எத்தனை முறை திரும்ப நடத்த வேண்டியிருக்கிறது? போன வருடம் காலாண்டுக்கு ஒரு முறை, அரையாண்டுக்கு ஒரு முறை, ஆண்டுத் தேர்வுக்கு இன்னொரு முறை என்று அதே அட்டவணையை மூன்று தடவை முதலிலிருந்து நடத்தினேன். லீவு முடிந்து வந்த பையன் ஒருவன் ‘ஹீ ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்’ என்று வர வேண்டியதை ‘ஹீ ஆஸ்க்ட் மீ தட் வேர் வாஸ் ஐ கோயிங்’ என்று எழுதிக் காட்டினான். பாதி விதி நினைவிருக்கிறது, மீதி போய்விட்டது, போனதைத் தானாகத் தேடிப் பிடிக்க அவனிடம் எந்தப் பிடியும் இல்லை, அதைப் பார்த்தபோது எனக்கே கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் ராத்திரியெல்லாம் படித்துவிட்டு வந்தவன் அவன். இந்த வருடப் பிள்ளைகளும் மறக்கிறார்கள்தான். ஆனால் யார் யாரிடம் சொன்னது என்று கேட்டுக்கொண்டு மறுபடி கண்டுபிடித்துவிடுகிறார்கள். அரையாண்டு லீவுக்குப் பிறகு ஒரே ஒரு மாலை போதுமானதாக இருந்தது.

இந்த வருடம் ஐந்து பேர்தான், அதனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ‘லெட் அஸ்’, ‘வாட் எ’ என்று தொடங்கும் வாக்கியங்களை இந்த வழியில் அதிகம் நடத்தவில்லை, ‘சஜஸ்டட்’, ‘எக்ஸ்கிளெய்ம்ட்’ போன்ற வினைகளைப் பட்டியலாகவே கொடுத்தேன்.

போன வாரம் அதே பெண் கேட்டாள், “அக்கா, ஒருத்தர் சொன்னதை இங்கேயே நின்னு இன்னைக்கே சொன்னா, ‘ஹியர்’, ‘டுமாரோ’ ரெண்டும் அப்படியே இருக்கலாம்ல?” இருக்கலாம், அதுதான் சரியான ஆங்கிலமும்கூட. ஆனால் வினாத்தாளில் யார் எங்கிருந்து எப்போது சொல்கிறார் என்ற விவரம் இருக்காது. அங்கே மட்டும் வேறு நாள், வேறு இடம் என்று வைத்துக்கொண்டு ‘தேர்’, ‘தி நெக்ஸ்ட் டே’ என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.