கடற்காற்றுக்கு நின்றுபிடிக்கும் ஸ்லொட் கார்க் கருவிகள்: திருகோணமலையிலிருந்து ஒரு நீண்டகாலப் பாவனை அனுபவம்

பாதையிலுள்ள பள்ளத்தைப் பிடித்து மின்சாரத்தில் ஓடும் சிறு மாதிரிக் கார்தான் ஸ்லொட் கார். அதைக் கட்டத் தொடங்குபவர்கள் முதலில் வாங்குவது முப்பது நாற்பது துண்டுகள் கொண்ட மலிவுக் கருவிப் பெட்டி. அதை வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல அலன் கீ (அறுகோணத் திருகுச் சாவி) ஒன்றும் பினியன் (மோட்டார் தண்டிலுள்ள சிறு பற்சக்கரம்) கழற்றி ஒன்றும் வாங்குங்கள். மற்றதெல்லாம் ஊரிலேயே ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

அலன் கீ ஏன் முதலில்? 1/32 அளவுக் கார்களில் அலுமினியச் சில்லும் கியரும் 2.38 மி.மீ. அச்சில் நிற்பது சிறிய தலையில்லாத் திருகு ஒன்றின் பிடியில்தான். ஸ்லொட்.இட் நிறுவனத்தின் திருகுகளுக்கு 0.95 மி.மீ. கீ வேண்டும், என்.எஸ்.ஆர். நிறுவனத்தின் திருகுகளுக்கு 0.050 அங்குலம், அதாவது 1.27 மி.மீ. 0.95 துளைக்குள் 0.9 கீ லேசாகப் போய்விடும், பிடித்த மாதிரியும் இருக்கும். ஆனால் பாரம் முழுவதும் ஆறு முனைகளில் மட்டும் ஏறும். இரண்டு மூன்று முறை இறுக்கினால் துளை வட்டமாகிவிடும், பிறகு அந்தச் சில்லைக் கழற்றுவது பெரும்பாடு. எல் வடிவக் கீயைவிட, கைப்பிடியும் மாற்றக்கூடிய எஃகு முனையும் உள்ளதே நல்லது. முனை தேய்ந்தால் எறிய வேண்டாம். நுனியில் ஒரு மில்லிமீற்றரை எண்ணெய்க்கல்லில் நேராகத் தேய்த்தால் புது விளிம்பு வரும். இயந்திரக் கல்லில் வைத்தால் சூடேறி எஃகின் கடினம் போய்விடும். கையால் மெதுவாகத் தேய்ப்பதே சரி. பசை போட்டு இறுகிய திருகானால், சோல்டரிங் அயனின் நுனியைப் பத்துப் பதினைந்து விநாடி திருகின் மேல் வைத்துவிட்டுத் திருப்புங்கள். இது அலுமினியச் சில்லுக்கு மட்டும். பிளாஸ்டிக் சில்லு உருகிவிடும்.

பினியனைக் குறட்டால் இழுப்பது, சுத்தியலால் தட்டி ஏற்றுவது இரண்டுமே மோட்டாருக்குக் கேடு. தட்டும்போது ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் பகுதி) பின்னால் தள்ளப்பட்டு, பின்மூடியில் தண்டைத் தாங்கும் புஷ் அசைந்துவிடும். பிறகு மோட்டார் ஓடும், ஆனால் கரகரக்கும். திருகி அழுத்தும் கருவியில் ஏற்றும்போதும், தண்டின் பின்முனைக்கு முட்டுக் கொடுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பித்தளைத் தகடும் பியானோக் கம்பியும் (கடின எஃகுக் கம்பி) வைத்துக் காரின் அடிச்சட்டம் ஒட்டுபவர்களுக்கு 25 வாட் அயன் போதாது. நுனி பித்தளையைத் தொட்டதுமே சூட்டை இழந்துவிடும், ஈயம் மணிமணியாக உருண்டு நிற்கும். 60 வாட், உளி போன்ற தட்டை நுனி, 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்): இதுதான் நம்பகமான சேர்க்கை. ஃபேனை வேலை செய்யும் இடத்துக்கு நேராகப் போடாதீர்கள். புழுக்கமாக இருந்தாலும் புகை போக யன்னலைத் திறந்தால் போதும். எஃகுக் கம்பிக்கு அமில ஃபிளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவும் பூச்சு) வேண்டும், ஒட்டியவுடன் அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். கழுவாமல் விட்ட சட்டம் உப்புவெளி மாதிரிக் கடலோரத்தில் அடுத்த நாளே செம்பழுப்பாக நிற்கும். மோட்டார் வயருக்கும், பாதையிலிருந்து மின்சாரம் எடுக்கும் பின்னற் கம்பியான பிரெய்டுக்கும் அமில ஃபிளக்ஸ் கூடவே கூடாது, ரொசின் மட்டும்.

பியானோக் கம்பியை எலக்ட்ரோனிக் வேலைக்கான சிறு வெட்டுக் குறட்டால் வெட்டினால் குறட்டின் வாயில் பள்ளம் விழும். முக்கோண அரத்தால் ஒரு கீறல் போட்டு முறியுங்கள், கண்ணாடி அணிந்துகொண்டு. நுண்ணிய அரங்களுக்கு நகை வேலைக்கான சாமான் விற்கும் கடைகளைப் பாருங்கள். பொம்மைக் கருவிப் பெட்டியில் வரும் அரம் பித்தளையில் வழுக்கும்.

பலரும் கருவியாகவே எண்ணாத ஒன்று, 6 மி.மீ. கண்ணாடித் துண்டு. கண்ணாடி வெட்டும் கடையில் கழிவாகக் கிடைக்கும். விளிம்பை மட்டும் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். அதன் மேல் காரை வைத்து, ஒவ்வொரு சில்லுக்கும் கீழே மெல்லிய தாளைச் செருகிப் பார்த்தால் சட்டத்தின் முறுக்கு உடனே தெரியும். ரயர் தீட்டுவதும் அதிலேதான். 180 இலக்கச் சாண்ட்பேப்பரை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, மோட்டாருக்கு 6 வோல்ட்டளவு கொடுத்து, பின்சில்லுகள் தாளில் மெல்லத் தொடும்படி பிடியுங்கள். பிறகு 400 இலக்கம். அழுத்தினால் ரப்பர் சூடாகி விளிம்பு சாய்ந்துவிடும். சிலிக்கோன் ரயர் இப்படித் தீட்டுப்படாது. இரண்டு ரயர்களின் விட்டத்தையும் டிஜிட்டல் கலிப்பரால் அளந்து ஒப்பிடுங்கள். கலிப்பருக்கு எல்ஆர்44ஐ விட எஸ்ஆர்44 பற்றரி நீண்ட நாள் உழைக்கும்.

துருவைப் பற்றி. வாடை தொடங்கி மாரி முடியும்வரை இங்கே கருவிகளைத் திறந்த தட்டில் வைக்கக்கூடாது. வேலை முடிந்ததும் தையல் மெஷின் ஒயில் தொட்ட துணியால் கீ முனை, கலிப்பரின் தாடை, குறட்டின் மூட்டு மூன்றையும் துடைத்து, இறுக மூடும் பெட்டியில் நீலச் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் 120 பாகை செல்சியஸில் சூடாக்கி மறுபடி நீலமாக்கலாம். அமில ஃபிளக்ஸ் போத்தலை மட்டும் அந்தப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். மூடியிருந்தாலும் அதன் ஆவி கசிந்து, பக்கத்தில் இருக்கும் எஃகையெல்லாம் துருப்பிடிக்க வைக்கும்.