பபிள் டிப் அனிமோன்: மூன்றாண்டு வளர்ப்பு அனுபவம்

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில், என் கடல்நீர் மீன்தொட்டியைக் குளிர்விக்கும் சில்லர் நின்றுபோனது. மூன்றாம் நாள் கெப்பாசிட்டரை மாற்றி ஓடவிட்டார்கள். 31 டிகிரி வரை ஏறியிருந்த தண்ணீர் மெல்ல 26-க்கு இறங்கியது. ஆபத்து நீங்கிவிட்டது என்று நான் நினைத்திருந்த மறுநாள் இரவில், பதினான்கு மாதமாக ஒரே பாறைப் பொந்தில் இருந்த அனிமோன், பூப்போல் கைகளை விரிக்கும் அந்தக் கடலுயிர், அங்கிருந்து கிளம்பிவிட்டது. அன்றுதான், அனிமோனின் கைகளுக்குள் குடியிருக்கும் கோமாளி மீனை வளர்க்கும் நண்பர் ஒருவர், தானும் ஒரு அனிமோன் வாங்கலாமா என்று கேட்டார். தொலைபேசியில் நான் சொன்ன பதிலில் எரிச்சல்தான் அதிகம் இருந்தது. அவருக்கு முறையாக ஒரு பதில் தர வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

என்னுடையது சென்னையில், சம்ப் எனப்படும் வடிகட்டும் துணைத்தொட்டி உட்பட 200 லிட்டர் தொட்டி. ஒளி, நைட்ரேட், காரத்தன்மை பற்றியெல்லாம் எங்கும் படித்துக்கொள்ளலாம் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். ஆனால் உப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோடையில் என் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு முழுவதும் தொட்டியிலேயே தங்குகிறது. ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால், ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பு 39 ஆகிவிடும். மீன்கள் அதைப் பொறுத்துக்கொள்வதுபோல் தெரியும், அனிமோன் சுருங்கிவிடும். ஆகவே குறைந்த அளவை ஆர்.ஓ. தண்ணீரால் தினமும் ஈடுசெய்ய வேண்டும், உப்புத் தண்ணீரால் அல்ல. முதல் மாதத்தில் நான் செய்த பிழை இது.

இனி அனிமோன் இடம்விட்டு நகர்ந்த கதைக்கு வருகிறேன். வாங்கும்போது கடைக்காரர், கல்லின் மேல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அதன்பின் நகராது என்று உறுதியாகச் சொன்னார். அது உண்மையல்ல. அனிமோனின் அடியில் வட்டமான பாதம் ஒன்று உண்டு. பிடித்துக்கொள்வதும் நகர்வதும் அதனால்தான். இரவு பதினொரு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், பாதத்தின் ஓர் ஓரம் கல்லை விட்டு எழும்பி, உப்பி, சற்றுத் தள்ளிப் படிந்து, பின்னால் உள்ள பகுதியை இழுத்துக்கொள்வது தெளிவாகத் தெரியும். மிக மிக மெதுவான நகர்வுதான். ஆனால் விடிவதற்குள் ஒரு சாண் தூரம் கடந்திருக்கும். முதல் ஆண்டில் அப்படி நகர்ந்து, நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரின் உறிஞ்சும் வாயில் சிக்கி, பதினைந்து இருபது கைகள் அறுபட்டு, தொட்டி முழுவதும் சளி மிதந்த காலையை நான் மறக்கவில்லை. அன்று செத்திருந்தால் அது அழுகியே மீன்களையும் கொண்டுபோயிருக்கும். அதன்பின் வேவ்மேக்கருக்குப் பஞ்சு உறை போட்டேன். அந்தப் பஞ்சை மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவாவிட்டால் நீரோட்டம் பாதியாகிவிடுகிறது. அன்றிலிருந்து இந்தக் கழுவல் நின்றபாடில்லை. இடையில், கவனமாக வளர்த்த ஒரு மென்பவளத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தன் கொட்டும் கைகளால் அதைச் சுட்டுக் கருக்கிவிட்டது.

அதை நான் குற்றம் சொல்வது நியாயமில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். அது காரணமில்லாமல் கிளம்புவதில்லை. ஒளி போதாமை, நீரோட்டம் அதிகமாதல், தண்ணீரில் திடீர் மாற்றம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று நடந்திருக்கும். இந்த முறை மூன்று நாள் வெப்பம். வாய் தளர்ந்து திறந்து, பழுப்பு நூல் போன்ற கசடு வெளியேறி, உடல் வெளுத்தது. அதன் திசுக்களுக்குள் வாழ்ந்து உணவு தரும் நுண்பாசிகளை இழந்துகொண்டிருந்தது என்பதே அதற்குப் பொருள். உறைய வைத்த தண்ணீர்ப் புட்டிகளை மாற்றி மாற்றி மிதக்கவிட்டதால்தான் பிழைத்தது. பாதத்தை இருட்டான பொந்துக்குள் மறைத்துக்கொண்டு கைகளை மட்டும் ஒளியில் விரிக்கவே பபிள் டிப் விரும்புகிறது. மற்றப் பாறைகளிலிருந்து மணல் இடைவெளி விட்டு, ஆழமான பொந்துள்ள ஒரு தனிக் கல்லை வைத்த பிறகே அது பதினான்கு மாதம் அடங்கியிருந்தது. நகர்ந்துவிட்டால் கையால் பிய்த்து எடுக்கவே கூடாது. பாதம் கிழிந்தால் அத்துடன் முடிந்துவிடவும் கூடும்.

மகிழ்ச்சியையும் சொல்கிறேன். என்னிடம் இருப்பவை ஒசெல்லாரிஸ் கோமாளி மீன்கள். கடலில் இவை பபிள் டிப்பில் குடியிருப்பவை அல்ல. வேறு பெரிய அனிமோன்களில் வாழ்பவை. நான்கு மாதம் அதைத் திரும்பிப் பார்க்காமல் தொட்டி மூலையில் தூங்கின. ஐந்தாம் மாதம் ஒருநாள் மாலை, பெண் மீன் வாலை மட்டும் கைகளில் உரசிவிட்டு விலகியது. மறுபடி வந்து வயிற்றை உரசியது. இரண்டு மணி நேரம் இப்படியே போய் வந்து, விளக்கு அணையும் நேரத்தில் உள்ளே படுத்துவிட்டது. இப்போது நான் போடும் இறால் துண்டு பெரிதாக இருந்தால், அதைக் கவ்விக்கொண்டு போய் அனிமோனின் கைகளில் அதுவே வைக்கிறது. கைகள் மடங்கித் துண்டை வாய்க்குக் கொண்டுசெல்வதை நான் எத்தனை முறை பார்த்தும் சலிக்கவில்லை. சென்ற ஆண்டு அனிமோன் இரண்டாகப் பிரிந்தது. காலையில் பாதம் எதிரெதிர்த் திசைகளில் இழுபட, வாய் நீண்ட கோடாகிக் கிடந்தது. மாலைக்குள் இரண்டு உயிர்கள்.

சரியாக வைத்துக்கொண்டால் அனிமோன் எவ்வளவு காலம் வாழும் என்பதற்கு ஸ்காட்லாந்தில் ஒரு சான்று உண்டு. ஜான் டாலியெல் என்ற இயற்கை ஆய்வாளர் 1828-இல் கடற்கரையிலிருந்து எடுத்துவந்து கண்ணாடிச் சாடியில் வளர்த்த ஓர் அனிமோன், 1851-இல் அவர் இறந்த பின்னும் பிறர் பராமரிப்பில் 1887 வரை உயிரோடிருந்தது. அது குளிர்கடல் வகை, நுண்பாசியை நம்பாதது. என்னுடையதோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் நம் வீடுகளில் இவை சில மாதங்களில் சாகும்போது அதை ஆயுள் முடிந்ததாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் நண்பருக்கு என் பதில், வாங்காதீர்கள் என்பதுதான். உங்கள் தொட்டிக்கு நான்கு மாதந்தான் ஆகிறது, சில்லருக்கு மாற்று இல்லை, வேவ்மேக்கருக்கு உறையும் இல்லை. கோமாளி மீனுக்கு அனிமோன் இல்லாமல் ஒரு குறையும் வராது. என்னுடையது இப்போது பின்பக்கக் கண்ணாடியில், பாதி பாதம் விட்ட நிலையில் தொங்குகிறது. வேவ்மேக்கரை நிறுத்திவிட்டுக் காற்றுக் குழாயை மட்டும் ஓடவிட்டிருக்கிறேன், இன்றிரவும் எனக்குத் தூக்கம் இருக்காது. பிரிந்ததில் சிறியது தன் கல்லிலேயே நலமாக இருக்கிறது. உங்கள் தொட்டி அடுத்த சித்திரையையும் வைகாசியையும் 27 டிகிரியைத் தாண்டாமல் கடந்தால் வந்து கேளுங்கள். கல்லோடு எடுத்துத் தருகிறேன்.