ராஜபாளையத்தில் ஒரு நாய்க்கடி

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போய் வருகிறவர்கள் ரோடு எப்படி, பேங்க் எப்படி, ஆதார் வேலை எப்படி முடிந்தது என்று எழுதுகிறார்கள். நான் நாய்ப் பைத்தியம். நாய்க்காக ஏறி இறங்கிய இடங்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

லண்டன் வீட்டில் எங்களுக்கு ஒன்று இருக்கிறது. மீட்பு இல்லத்திலிருந்து எடுத்து வந்த கலப்பு நாய். "அதையும் கூட்டிக்கிட்டே வந்துட வேண்டியதுதானே" என்று சொந்தக்காரர்கள் கேட்காத முறை இல்லை. பிரிட்டனுக்குள் விமானத்தில் வரும் நாய் சரக்காகத்தான் வந்து இறங்க வேண்டும். கூடவே உட்கார்ந்து வர உதவி நாய்களுக்கு மட்டும்தான் அனுமதி. இந்தியா போய்த் திரும்புகிற நாய் என்றால், வெறிநோய்த் தடுப்பூசி உடம்பில் பிடித்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனைச் சான்றும் கேட்பார்கள். விடுமுறைக்காக ஒரு வாயில்லா ஜீவனை அந்தப் பாடு படுத்த மனசு வரவில்லை. கவுன்சில் லைசென்ஸ் உள்ள ஒரு வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். இங்கிலாந்தில் 2018 விதிகள் வந்த பிறகு, காசு வாங்கிக்கொண்டு தன் வீட்டில் நாய் பார்த்துக்கொள்கிறவரும் உரிமம் எடுக்க வேண்டும், ஓட்டலுக்குப் போல நட்சத்திரத் தரம் வேறு. தினமும் போட்டோ அனுப்பினார்கள். பில்லைப் பற்றிப் பேச வேண்டாம்.

ராஜபாளையத்தில் அம்மாவிடம் இருப்பது மணி. அசல் ராஜபாளையம் இன நாய், பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. பிறந்ததிலிருந்தே காது கேட்காது, இந்த இனத்தில் அது அடிக்கடி வருகிற குறைதான். 2005-இல் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அந்த நான்கில் ஒன்றாக இடம்பிடித்த இனம். ஆனால் ஊருக்குள் சாயங்காலம் நடந்து பார்த்தால் கண்ணில் படுவது லேப்ரடாரும் ஹஸ்கியும்தான். நம்ம ஊர் வெயிலில் ஹஸ்கி! நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு சிமெண்ட் தரையில் கிடக்கிறது. தமிழ்நாடு அரசு 2024-இல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கையில் ஹஸ்கி, பக் போன்றவற்றைப் பெருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. அது தெருவுக்கு வர நாளாகும் போல.

நான் போனபோது மணி ரெண்டு நாளாகச் சாப்பிடவில்லை. ஏ.சி. போட்ட ஒரு பெட் கிளினிக்குக்குத்தான் முதலில் கொண்டுபோனோம். பெயர் வேண்டாம். நாயைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஊசிகளைப் போட்டு, சத்து மாவு டப்பா ஒன்றையும் தலையில் கட்டினார்கள். வாங்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் திட்டும் வாங்கினேன். "மாட்டாஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்ல?"

மாட்டாஸ்பத்திரி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், அரசு கால்நடை மருத்துவமனையை. எங்களுக்கு முன்னால் வயிறு உப்பிய ஒரு வெள்ளாடு. அதைக் கொண்டுவந்த பாட்டிக்கு அது பிழைக்க வேண்டும், மணி காத்திருக்கலாம். டாக்டரும் அப்படித்தான் நினைத்தார், சரிதான். எங்கள் முறை வந்ததும் முதலில் மணியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெளுத்திருந்தது. பிறகு காது மடலுக்குள், விரல் இடுக்கில், வாலடியில் கையை ஓட்டி, அரிசி மணி அளவில் ஓர் உண்ணியைப் பிடுங்கி என் முன்னால் நீட்டினார். "உண்ணிக் காய்ச்சல்மா. ரத்தம் டெஸ்ட் பண்ணிடுவோம். மாத்திரையை இடையில நிறுத்தினா திரும்ப வரும்." டாக்சிசைக்ளின் மாத்திரை, 28 நாள், வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது. மாத்திரைக்கும் டெஸ்ட்டுக்கும் சேர்த்து ஆன செலவைச் சொன்னால் லண்டனில் சிரிப்பார்கள். அங்கே டாக்டர் அறைக்குள் நுழைந்தாலே பில் ஏறும். இன்சூரன்ஸ் இல்லாமல் நாய் வளர்ப்பது துணிச்சல். செல்லப்பிராணி மருத்துவச் செலவு எகிறிப் போனதால்தான் பிரிட்டனில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம் 2024 மே மாதம் அந்தத் துறை மேலேயே விசாரணை தொடங்கியது.

ஆனால் நாயோடு வெளியே போக லண்டன்தான். பஸ்ஸில், சுரங்க ரயிலில், பப்பில் கூட நாய்க்கு இடம் உண்டு. இங்கே இரண்டு ஆட்டோக்காரர்கள் மணியைப் பார்த்ததும் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் இறங்கி வந்து சாக்கு விரித்தார். "எங்க வீட்லயும் ஒண்ணு கெடக்குக்கா" என்றார். சேவை என்று நம்ம ஊரில் இருப்பது பாதி நேரம் அந்த மூன்றாவது ஆள்தான்.

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றதும் தெரு நாய்கள் மணியைச் சூழ்ந்துகொண்டன. மணியைத் தூக்கும்போது தெரு நாய் ஒன்றின் பல் என் மணிக்கட்டில் பட்டுக் கீறியது. ரத்தம் துளிர்த்தது. அம்மா மஞ்சள்தூளோடு ஓடி வந்தார், பக்கத்து வீட்டு அத்தை சுண்ணாம்பு என்றார். ரெண்டும் வேண்டாம் என்று குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினேன். வெறிநோய்க் கிருமிக்கு முதல் மருந்து அந்தச் சோப்புத் தண்ணீர்தான்.

அரசு மருத்துவமனையில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "வீட்டு நாயாக்கா, தெரு நாயா? கழுவினீங்களா?" ரத்தம் வந்திருந்ததால் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின், அதாவது கிருமியை உடனே எதிர்க்கும் தயார் எதிர்ப்பு மருந்து, போட வேண்டும் என்றார். அந்த ஊசி வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். தடுப்பூசி இரண்டு கையிலும் மேல்தோலுக்குள்ளேயே, கொசு கடித்த மாதிரி. முதல் நாள், பிறகு 3, 7, 28 என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பைசா கேட்கவில்லை. எனக்கு முன்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பையன், பின்னால் பால்காரர் ஒருவர். 2024-இல் மட்டும் தமிழ்நாட்டில் நாய்க்கடி ஏறத்தாழ 4.8 லட்சம், வெறிநோயால் இறந்தவர்கள் 43 பேர். வரிசை ஏன் அத்தனை வேகமாக நகர்கிறது என்பது புரிந்தது. அவர்களுக்கு இது அன்றாட வேலை.

தெரு நாயை விரும்புகிறவள் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. கருத்தடையும் தடுப்பூசியும் நாய்க்குச் சரியாகப் போட்டிருந்தால் அந்தப் பையன் அங்கே நின்றிருக்க வேண்டியதில்லை. மனுஷனுக்கு ஊசி போடுவதில் இருக்கிற ஒழுங்கு நாய்க்குப் போடுவதில் இல்லை.

கடைசி ஊசிக்கு நான் லண்டன் வந்துவிட்டேன். ஜி.பி. என்று இங்கே சொல்லும் குடும்ப டாக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோலுக்குள் போடும் முறை இங்கே வழக்கமில்லை, தசையில்தான் போடுவார்கள். பொதுச் சுகாதாரத் துறையைக் கேட்டு, அவர்கள் மருந்து அனுப்பி, ஒரு வழியாகப் போட்டு முடித்தார்கள். இங்கும் காசில்லை. அடுத்த பயணத்தில் கடித்தால் என்ன செய்வது என்று கேட்டேன். ஒருமுறை முழுதாகப் போட்டவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் தேவையில்லை, இரண்டே ஊசி போதும் என்றார். அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அதுக்காக மறுபடி கடி வாங்கிக்கிட்டு நிக்காத" என்றார். மணி இப்போது ஈரலும் சோறும் கேட்டு அடம்பிடிக்கிறதாம்.