ஏசி ஆயிலைத் தொடுவதற்கு முன் மெகர் வைத்துப் பார்த்த பட்டறை

மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். எண்ணெய் குடித்த மோட்டார் வந்தால், எங்கள் பட்டறையில் முதல் வேலையே அதைக் கழுவி அடுப்பில் வைத்து உலர்த்துவதுதான். மின்சாரக் காரின் ஏசி கம்ப்ரஸரில் கதை தலைகீழ். அங்கே மோட்டார் உள்ளேயே இருக்கிறது, கேஸிலும் எண்ணெயிலும் நனைந்தபடியே ஆயுள் முழுக்கச் சுற்றுகிறது. அதற்குப் போகும் கரண்ட் சாதாரணக் கரண்ட் இல்லை, பெரும்பாலான கார்களில் 400 வோல்ட்டை ஒட்டிய டிசி. சில புது வண்டிகளில் 800. இப்படிப்பட்ட மோட்டார் மூழ்கிக் கிடக்கும் எண்ணெயை யார் கையில் கொடுப்பது என்று எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே யோசனை இருந்தது.

கோளாறு முதலில் தெரிந்தது காருக்குள் இல்லை, சார்ஜ் போடும் இடத்தில். வேகச் சார்ஜரில் செருகினால் ஆரம்பத்தில் ஜோராக ஏறும், அப்புறம் வேகம் பாதியாக விழுந்துவிடும், முன்னால் ஃபேன் மட்டும் கத்திக்கொண்டே இருக்கும். என் வண்டியில் பேட்டரியைக் குளிர்விப்பதும் இதே ஏசிதான். கேஸின் ஒரு கிளை சில்லர் வழியாகப் போய் பேட்டரியைச் சுற்றி ஓடும் கூலண்டைக் குளிர்விக்கிறது. கேஸ் குறைந்தால் நமக்கு வேர்ப்பதற்கு முன்பே பேட்டரிக்கு வேர்த்துவிடும். பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்டென்சரின் கீழ்மூலையில் கல் பட்ட தடம், அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் அப்பிய தூசி. கேஸ் கசிந்தால் கூடவே எண்ணெயும் வரும், அதனால் இந்தப் பிசுக்கே போதுமான சாட்சி.

முதலில் போன ஏசி கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. என்ஜின் பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர்களில் அவர்கள் கெட்டிக்காரர்களாகவே இருக்கலாம். "கேஸ் அடிச்சு ஆயிலையும் மாத்திடலாம் சார், எல்லாத்துக்கும் ஒரே ஆயில்தான்" என்றார்கள். முந்தைய வண்டியிலிருந்து அப்போதுதான் கழற்றிய ஹோஸை அப்படியே என் வண்டிக்கு இழுத்து வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏன் வேண்டாம் என்றேன் என்பதைச் சொன்னால்தான் அடுத்த பட்டறையை ஏன் பாராட்டுகிறேன் என்பது புரியும். பெல்ட் கம்ப்ரஸர்களில் வழக்கமாக ஊற்றுவது பிஏஜி எண்ணெய். அங்கே அதன் வேலை வழவழப்புத் தருவது மட்டும்தான். மின்சாரக் கம்ப்ரஸரில் அதே எண்ணெய் காயிலையும் தொடுகிறது, டெர்மினலையும் தொடுகிறது. ஆகவே அது கரண்ட்டைக் கடத்தாத எண்ணெயாக இருக்க வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் இதற்குப் பிஓஇ வகையைத்தான் போடுகின்றன. கார் பாகங்கள் செய்யும் டென்சோ கம்பெனியின் என்டி-ஆயில் 11 அந்த ரகம். இதில் பிஏஜி கொஞ்சம் கலந்தால்கூட இன்சுலேஷன் இறங்கிவிடும். மோட்டாரிலிருந்து பாடிக்குக் கரண்ட் கசிகிறது என்று காரே கண்டுபிடித்து, ஐசொலேஷன் ஃபால்ட் என்று கோட் போட்டு, சில வண்டிகளில் ஸ்டார்ட்டே ஆகாமல் நின்றுவிடும். வீட்டு மோட்டார் பாடியில் ஷாக் அடிப்பது போன்ற சமாச்சாரம்தான், ஆனால் இங்கே காரே முந்திக்கொண்டு சொல்கிறது. அப்புறம் அந்த எண்ணெயைக் கழுவி எடுப்பது லேசில் நடக்காது. பெரும்பாலும் கம்ப்ரஸரோடு சேர்த்துப் பல பாகங்களை மாற்றச் சொல்வார்கள்.

இரண்டாவது பட்டறை மின்சார வண்டிகளையும் ஹைபிரிட்களையும் மட்டும் பார்ப்பது. நான் போன் செய்தபோதே எடுத்தவர், "வேற எங்கேயாவது கேஸ் அடிச்சீங்களா அண்ணே? லீக் அடைக்கிற மருந்து ஏதாவது போட்டாங்களா? கலர் டை போட்டாங்களா?" என்று வரிசையாகக் கேட்டார். டையில்கூட பிஏஜி கலந்தது உண்டு, அதுவும் உள்ளே போனால் கெடுதல்தான் என்று காரணத்தையும் சொன்னார். அந்த நிமிடமே பாதி நிம்மதி.

போனதும் அவர் எடுத்தது ஸ்பேனர் இல்லை, லேபிள் பார்க்கும் டார்ச். பானட் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் கேஸ் ஆர்1234ஒய்எஃப் என்பதையும் எத்தனை கிராம் என்பதையும் எண்ணெய் வகையையும் படித்து, போனில் படம் எடுத்துக்கொண்டார். அப்புறம் பெரிய பேட்டரியின் கரண்ட்டைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். வேறு யாரும் தெரியாமல் திருப்பிச் செருகிவிடக் கூடாதே என்பதற்காக. ரப்பர் கையுறையைச் சுருட்டிக் காற்று பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் இறங்கும் வரை காத்திருந்துவிட்டு, மீட்டரை முதலில் 12 வோல்ட் பேட்டரியில் வைத்தார், பிறகு ஆரஞ்சு கேபிள் டெர்மினலில், மறுபடியும் பேட்டரியில். பூஜ்யம் காட்டுவது கரண்ட் இல்லாததாலா, மீட்டர் செத்ததாலா என்பது இப்படித்தான் தெரியும். என் தொழிலிலேயே பலர் இதைச் செய்வதில்லை.

அடுத்து மெகர், அதாவது இன்சுலேஷன் எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கும் மீட்டர். கம்ப்ரஸர் டெர்மினலுக்கும் பாடிக்கும் இடையில் 500 வோல்ட் கொடுத்துப் பார்த்தார். வந்த எண்ணைப் பார்த்து எனக்கு முகம் மாறியது. புதிதாகக் கட்டிய மோட்டாரில் அந்த எண் வந்தால் நான் மறுபடியும் அடுப்பில் வைப்பேன். அவர் சிரித்துக்கொண்டே, "அண்ணே, உங்க மோட்டார் காஞ்சு இருக்கும், இது கேஸ்ல ஊறிக் கிடக்கு. கம்பெனி சொன்ன அளவுக்கு மேலதான் இருக்கு" என்று மேனுவல் பக்கத்தைக் காட்டினார். எண்ணெயும் திரவமாகத் தேங்கிய கேஸும் காயிலைச் சுற்றி இருந்தால் அளவு குறைவாகக் காட்டுவது இயல்பு. வேலைக்கு முன் எடுத்த இந்த எண்தான் வேலைக்குப் பின் வரும் எண்ணோடு ஒப்பிட ஆதாரம். வேக்குவம் போட்டிருக்கும்போது மெகர் வைக்கவே கூடாது என்பதையும் அவராகவே சொன்னார். உள்ளே அழுத்தம் அப்படி இறங்கிக் கிடக்கும்போது குறைந்த வோல்ட்டிலேயே பொறி தாவிவிடும்.

கேஸ் இழுக்கும் மிஷினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற கடைகளிலும் மிஷின் உண்டு. ஆனால் முந்தைய வண்டியின் எண்ணெய் ஹோஸிலும் வால்விலும் மிச்சம் நின்று அடுத்த வண்டிக்குள் போவதுதான் ஆபத்தே. ஹைபிரிட்களையும் மனதில் வைத்து வாகனப் பொறியாளர்களின் சங்கமான எஸ்ஏஇ கொண்டுவந்த ஜே2788எச் தரத்தில், மிஷின் ஏற்றும் கேஸோடு போகும் மிச்ச எண்ணெய் எடையில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. அது ஆர்134ஏ மிஷின்களுக்கான தரம். என் வண்டியின் கேஸ் வேறு, ஆனால் மிச்ச எண்ணெய் எவ்வளவு போகும் என்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இங்கே மின்சார வண்டிகளுக்கென்றே ஒரு மிஷின் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், பிஏஜி அதன் பக்கமே போவதில்லை. போதாதென்று வேலைக்கு முன் ஹோஸுக்குள் கேஸைச் சுற்றவிட்டுக் கழுவினார்கள்.

பழைய கண்டென்சர் கழன்றது. ஈரத்தை உறிஞ்சும் டிரையர் அதோடு சேர்ந்தே இருப்பதால் அதுவும் புதுசாகிவிட்டது, அது நல்லதுதான். பிஓஇ எண்ணெய் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ஈரத்தோடு சேர்ந்து மெல்ல ஆசிடாகவும் மாறும், வேக்குவம் பம்ப் மட்டும் அதை முழுக்க வெளியே எடுத்துவிடாது. இதனாலேயே எண்ணெய் பிளாஸ்டிக் புட்டியில் இல்லாமல் சின்ன உலோக டப்பாவில் வருகிறது. அவர் டப்பாவைத் திறந்தது ஊற்றுவதற்குச் சற்று முன்னால்தான். மிஷின் இழுத்தபோது கேஸோடு வந்த எண்ணெயின் அளவு, கண்டென்சருக்கென்று மேனுவல் சொன்ன அளவு, இரண்டையும் கூட்டி சிரிஞ்சில் எடுத்துப் புதுக் கண்டென்சருக்குள் விட்டார். டப்பாவில் மிஞ்சியதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "தூக்கிப் போட்டுடுவோம். நாளைக்கு இதை வேற வண்டியில ஊத்துனா, காலையில எடுத்த மெகருக்கு அர்த்தமே இல்லை."

இனி நைட்ரஜன் அழுத்தம், வேக்குவம், தராசில் நிறுத்துக் கேஸ். இதெல்லாம் ஒழுங்காக நடந்தது, விவரிக்க ஒன்றுமில்லை. ஓ-ரிங்குகள் எல்லாம் புதுசு. கேஸ் ஏறுவதற்கு முன் கம்ப்ரஸரை ஒரு நொடிகூட ஓட்டிப் பார்க்கவில்லை. எண்ணெயைச் சுற்றிக் கொண்டுபோவதே கேஸ்தான் என்பதால் அது ரொம்ப முக்கியம். இப்போது வேகச் சார்ஜரில் கடைசி வரை வேகம் நியாயமாக இறங்குகிறது, பாதியில் விழுவதில்லை. ஏசி காற்றும் பழையபடி சில்லென்று வருகிறது.

சரி, குறைகள். பெரிய குறை, வெளியே மாட்டியிருக்கும் பலகை. "வருடாந்திர ஏசி ஆயில் சர்வீஸ்" என்று அதில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அப்படி ஒன்று அவசியமே இல்லை. இந்த கம்ப்ரஸருக்கு டிப்ஸ்டிக் கிடையாது, ஆயில் வடிக்கும் போல்ட்டும் கிடையாது. மொத்த எண்ணெயே ஒன்றிரண்டு டீ டம்ளர் அளவுதான், அதுவும் கேஸோடு கலந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. கசிவோ பாகம் மாற்றமோ இல்லாதவரை அதை யாரும் தொட வேண்டியதில்லை. சில கார்களின் அட்டவணையில் ஈரம் உறிஞ்சும் டெசிக்கன்ட் பையை மாற்றச் சொல்லியிருப்பார்கள், அது வேறு கணக்கு. வேலை பார்த்த தம்பியிடமே இதைக் கேட்டேன். "அது ஓனர் வெச்ச போர்டு அண்ணே. ஆயில் சர்வீஸ்னு வர்றவங்களுக்கு நாங்க கூலிங் செக் பண்ணி, லீக் பார்த்து அனுப்பிடுவோம், சிஸ்டத்தைத் திறக்க மாட்டோம்" என்றார். நல்ல பதில்தான், ஆனால் பலகையில் அது இல்லையே. தெரியாமல் வருகிற ஆள் ஆயில் மாறிவிட்டது என்று நம்பிக்கொண்டுதானே பணம் கட்டுவார்?

காத்திருக்கும் இடம் சுமார். வேலை மெதுவாக நடக்கும். சீக்கிரம் வேண்டும் என்பவருக்கு இது சரிப்படாது, எனக்கு அந்த மெதுவே பிடித்திருந்தது. ரசீதில் "கண்டென்சர், கேஸ், ஆயில்" என்று மூன்றே வார்த்தை. எண்ணெய் வகையும் எத்தனை மில்லி என்பதும் நான் கேட்டபிறகு பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்து இந்த கம்ப்ரஸரைத் திறப்பவருக்கு அந்த இரண்டும் கட்டாயம் தேவை, கேட்காமலே அச்சில் வர வேண்டும்.

வேலைக்குப் பின் எடுத்த மெகர் எண்ணை என் கண்ணால் பார்த்தேன், முன்பு வந்ததைவிடக் குறையவில்லை. எழுத்தில் அனுப்புகிறோம் என்றார்கள், இன்னும் வரவில்லை. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்று அந்தப் பலகைக்காகக் குறைத்தது. பலகையை மாற்றினால் அதையும் சேர்த்துவிடுவேன்.