18(1)-ஆ, 12(3)-ஆ? கையெழுத்துக்கு முன் ஓர் அலசல்

தொழிலுறவு என்றாலே கொடியும் கேட் மீட்டிங்கும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் ஷிஃப்ட் மாற்றம், லீவு, பாதுகாப்பு, மெமோ, சஸ்பெண்ட், தீபாவளி போனஸ் என முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையில் நடக்கிற எல்லாமே அதில் அடக்கம். ஹார்வி மில் காலத்திலிருந்து சங்கங்களைப் பார்த்த மதுரையில்கூட, பேசியதை எந்த வகை ஒப்பந்தமாக முடிப்பது, 18(1)-ஆ, 12(3)-ஆ என்பதில் இன்னும் குழப்பம் இருக்கிறது.

கப்பலூர் தொழிற்பேட்டையில் 80 பேர், இரண்டு சங்கங்கள் உள்ள ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், உச்சம் 20. இடையில் எங்கே நிற்பது என்பதுதான் பேச்சு.

நிர்வாகமும் பெரிய சங்கமும் நேரடியாக உட்கார்ந்து போடுவது 18(1). சீக்கிரம் முடியும், வெளியாள் தலையீடு இல்லை. ஆனால் அது கையெழுத்துப் போட்டவர்களை மட்டுமே கட்டும். 50 பேர் சங்கம் ஒப்புக்கொண்டால் மீதி 30 பேர் வெளியே நிற்பார்கள். இதில் நிர்வாகத்துக்கும் நஷ்டம்தான்: சம்பள உயர்வுக்குப் பதிலாக உற்பத்தி அளவைக் கூட்டிக் கேட்டிருந்தால், "நாங்க கையெழுத்துப் போடலையே" என்று அந்த 30 பேரும் சொல்லலாம்.

தொழிலாளர் துறைச் சமரச அலுவலர் முன்னிலையில் முத்தரப்பாகப் போடுவது 12(3). வாய்தா வாங்கி அலைய வேண்டியிருக்கும், உண்மைதான். ஆனால் அது எல்லாரையும் கட்டும், நாளைக்கு வேலைக்குச் சேருகிறவரையும் சேர்த்து. பல சங்கங்கள் உள்ள அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் ஊதிய ஒப்பந்தம் 12(3)-ஆகப் போடப்படுவதைக் கவனியுங்கள். இந்த எண்கள் 1947-ஆம் ஆண்டின் பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் பிரிவுகள். அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த வித்தியாசம் அப்படியே இருக்கிறது.

என் கட்சி 12(3)தான். முதலில் உள்ளே பேசிப் பாதி தூரம் வந்துவிடுங்கள், அப்புறம் சமரசத்துக்குப் போங்கள். முடித்த தாளை நீட்டி அலுவலரிடம் கையெழுத்து மட்டும் வாங்கினால் போதாது. சமரசப் பேச்சின் போக்கில், அவர் இசைவோடு உருவான உடன்பாடாக இருக்க வேண்டும்.

வழக்கு? டிஸ்மிஸ் ஆனவருக்கு அது தேவை. சமரசத்துக்கு மனு கொடுத்து 45 நாள் கழிந்தால் நேரடியாகத் தீர்ப்பாயம் போகலாம், ஆனால் வேலை போன நாளிலிருந்து 2 ஆண்டுக்குள். போனஸுக்கும் சம்பள உயர்வுக்கும் அந்த வழி வேண்டாம். உயர் நீதிமன்றக் கிளை வரை இழுபட்டால் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் அதுவரை காத்திருக்காது. தனி ஆள் குறைகளுக்கு, 20 பேர் வேலை செய்யும் இடத்திலேயே குறைதீர் குழு இருக்க வேண்டும் என்கிறது புதிய சட்டம். அதைக் கேட்டு வாங்குங்கள்.

எந்த ஒப்பந்தமானாலும் அது எத்தனை ஆண்டுக்கு, அரியர்ஸ் எந்த மாதத்தில் என்று தாளில் இருக்கட்டும். "விரைவில் வழங்கப்படும்" என்று டைப் அடித்திருந்தால் அதை அடித்துவிட்டு, "ஜனவரிச் சம்பளத்தோடு" என்று எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.