ஸ்கார்மா, எல்டிஐயா, சிஎம்ஐ5-ஆ? வெளிச் சர்வரில் இருக்கும் பாடத்தை எல்எம்எஸ்ஸுடன் இணைக்கும் வழிகள்

பயிற்சிப் பாடங்களைத் தயாரித்து விற்கும் நிறுவனம் அவற்றைத் தன் சர்வரிலேயே வைத்துக்கொள்ள விரும்புவதில் நியாயம் உண்டு. ஓரிடத்தில் திருத்தினால் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அது போய்ச் சேர்கிறது. உரிமக் காலம் முடிந்தால் அணுகலை நிறுத்தலாம். பெரிய வீடியோக் கோப்புகளை ஒவ்வொரு எல்எம்எஸ்ஸிலும், அதாவது பாடங்களை வழங்கிக் கற்பவரின் பதிவுகளை வைக்கும் மென்பொருளிலும், ஏற்ற வேண்டியதில்லை. வாங்கும் நிறுவனத்துக்கோ யார் முடித்தார், எவ்வளவு மதிப்பெண் பெற்றார் என்ற பதிவு தன் எல்எம்எஸ்ஸில் இருந்தாக வேண்டும். இவ்விரண்டையும் நிறைவேற்றும் வழிகளை ஒப்பிடும்போது, பாடம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிலும், முடித்த செய்தியை யார் எந்தப் பாதையில் எல்எம்எஸ்ஸுக்குச் சொல்கிறார் என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மிக எளிய வழி, பாடத்தின் இணைய முகவரியை எல்எம்எஸ்ஸில் ஒரு லிங்காக வைப்பது. அதைச் சொடுக்கினார் என்பதற்கு மேல் எல்எம்எஸ்ஸுக்கு எதுவும் தெரியாது. கட்டாயமற்ற வாசிப்புப் பொருளுக்கு அது போதும். தணிக்கையில் காட்ட வேண்டிய பயிற்சிக்கு உதவாது.

அடுத்து எல்லோர் நினைவுக்கும் வருவது, பாடமும் எல்எம்எஸ்ஸும் பேசிக்கொள்வதற்கான தரமான ஸ்கார்ம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஏடிஎல் திட்டத்தில் உருவான இத்தரத்தின் 1.2 பதிப்பு 2001-இல் வெளிவந்தது; இன்றும் பல எல்எம்எஸ்களில் அன்றாடம் புழங்குவது அதுதான். இதன் அடிப்படை ஏற்பாட்டில், பாடம் தன்னைத் திறந்த உலாவிச் சாளரங்களில் மேல்நோக்கித் தேடிச் சென்று, எல்எம்எஸ் அங்கே வைத்திருக்கும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் பொருளைக் கண்டுபிடித்து, அதனிடம் நிலையையும் மதிப்பெண்ணையும் ஒப்படைக்கிறது. பாடமும் எல்எம்எஸ்ஸும் ஒரே டொமைனில் (இணையதள முகவரிப் பெயரில்) இருக்கும் வரை இது சிக்கலின்றி நடக்கும். பாடம் வேறு டொமைனிலிருந்து வந்தால், ஒரு தளத்தின் நிரல் மற்றொரு தளத்தின் சாளரத்துக்குள் கைவைக்கக் கூடாது என்ற உலாவியின் பாதுகாப்பு விதி குறுக்கே நிற்கும். பாடம் திரையில் ஓடும், கற்பவர் இறுதித் தேர்வு வரை முடிப்பார், எல்எம்எஸ்ஸில் மட்டும் ‘தொடங்கவில்லை’ என்றே இருக்கும். இது பாடத்தின் பிழையும் அன்று, எல்எம்எஸ்ஸின் பிழையும் அன்று என்பதால் இரு தரப்பின் உதவிக்குழுக்களும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருப்பதுண்டு.

இதைச் சமாளிக்கப் பிறந்ததே பதிலிப் பொதி. வாங்குபவருக்குத் தரப்படும் ஜிப் கோப்பில் பாடம் இருக்காது; சில கிலோபைட் அளவில் ஒரு பக்கமும் சிறு நிரலும் மட்டுமே இருக்கும். எல்எம்எஸ்ஸின் டொமைனில் உட்கார்ந்திருக்கும் அந்த நிரல், உண்மையான பாடத்தை ஐஃப்ரேமிலோ (ஒரு பக்கத்துக்குள் மற்றொரு பக்கத்தைக் காட்டும் சட்டத்திலோ) புதுச் சாளரத்திலோ திறந்து, டொமைன் தாண்டிச் செய்தி அனுப்ப உலாவியே அனுமதிக்கும் முறையில் பாடத்துடன் பேசி, கிடைத்ததை எல்எம்எஸ்ஸிடம் ஸ்கார்ம் மொழியில் சொல்கிறது. எல்எம்எஸ்ஸைப் பொறுத்தவரை இது வழக்கமான ஸ்கார்ம் பாடம். நிர்வாகி புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. பணியாளர் பயிற்சியில் இவ்வழி பரவியிருப்பதற்கு இதுவே காரணம்.

ஆனாலும் ஸ்கார்மின் பழைய குறைகள் பதிலிப் பொதியிலும் தொடர்கின்றன. விட்ட இடத்தை நினைவில் வைக்க 1.2 பதிப்பு தருவது 4,096 எழுத்துகள் மட்டுமே. நீண்ட பாடம் அதைத் தாண்டினால், அடுத்த முறை கற்பவர் முதல் பக்கத்தில் போய் நிற்கக்கூடும். சாளரத்தை மூடும் நொடியில் அனுப்பப்படும் கடைசிச் செய்தியும் நம்பத்தக்கதன்று, ஏனெனில் மூடப்படும் பக்கம் சர்வரின் பதிலுக்காகக் காத்திருப்பதை உலாவிகள் இப்போது தடுக்கின்றன. ஆகவே ஒவ்வொரு பக்க மாற்றத்திலும் நிலையைச் சேமிக்கும் பாடமா என்பதை வாங்குமுன் சோதிப்பது நல்லது.

ஏஐசிசி இவற்றுக்கெல்லாம் மூத்தது. விமானத் துறையினர் 1988-இல் அமைத்த குழுவின் தரமான இதில், பாடம் எல்எம்எஸ்ஸின் முகவரிக்கு நேரடியாக எச்டிடிபி கோரிக்கை அனுப்பலாம் என்பதால் டொமைன் சிக்கல் பெரிதாக எழுவதில்லை. ஆனால் அமர்வு எண்ணும் முகவரியும் தெரிந்த எவரும் மதிப்பெண்ணை அனுப்ப இயலும். குழுவும் 2014-இல் கலைக்கப்பட்டுவிட்டது. ஏற்கெனவே இயங்கும் இணைப்பை விட்டுவைக்கலாம், புதிதாகத் தொடங்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பல்கலைக்கழகங்களின் பக்கம் வந்தால் நிலைமை வேறு. அங்கே கோலோச்சுவது எல்டிஐ என்ற தரம். இது பாடத்தைப் பொதியாகக் கருதாமல், தனியாக இயங்கும் ஒரு கருவியாகக் கருதுகிறது: கற்பவர் யார், எந்த வகுப்பைச் சேர்ந்தவர், மாணவரா ஆசிரியரா என்ற விவரங்களை எல்எம்எஸ் கையொப்பமிட்டு அனுப்பும், கருவி அவரை மறுபடியும் உள்நுழையச் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். பழைய 1.1 பதிப்பு இரு தரப்பும் பகிர்ந்துகொள்ளும் ஓர் இரகசியச் சாவியை நம்பியது. மதிப்பெண்ணாக 0 முதல் 1 வரையிலான ஒரே எண்ணைத்தான் திருப்பியனுப்ப முடிந்தது. 2019-இல் வந்த 1.3 பதிப்பு பாதுகாப்பை ஓபன்ஐடி கனெக்ட், ஓஆத் 2.0 ஆகிய உள்நுழைவு, அனுமதித் தரங்களின் மேல் அமைத்து, மதிப்பெண் ஏட்டைக் கையாளும் சேவையையும் சேர்த்தது. மதிப்பெண் சர்வரிலிருந்து சர்வருக்குச் செல்வதால், கற்பவர் சாளரத்தை எப்போது மூடினாலும் கவலையில்லை. தனியுரிமையிலும் இதற்கே என் வாக்கு: பெயரையும் மின்னஞ்சலையும் மறைத்து, ஓர் அடையாளக் குறியை மட்டும் கருவிக்கு அனுப்பலாம்.

இதிலும் இரண்டு இடர்கள் உண்டு. எல்டிஐ மதிப்பெண் ஏட்டை மனத்தில் வைத்து உருவானது. ‘முடித்தார்’, ‘தேர்ச்சி பெற்றார்’ என்ற நிலைகளைக் கொண்டு சான்றிதழ் வழங்கும் பணியாளர் பயிற்சி எல்எம்எஸ்களில் அந்த மதிப்பெண்ணை நிலையாக மாற்றத் தனி ஏற்பாடு வேண்டியிருக்கலாம். மற்றொன்று குக்கி, அதாவது வந்தவரை நினைவில் வைக்க ஒரு தளம் உலாவியில் சேமிக்கும் சிறு குறிப்பு. கருவி ஐஃப்ரேமில் திறந்தால் அதன் குக்கி மூன்றாம் தரப்பினதாகிவிடுகிறது. சஃபாரி 2020 முதல் அவற்றை இயல்பாகவே தடுக்கிறது. புதுச் சாளரத்தில் திறப்பது அழகில்லை, ஆனால் வேலை செய்யும். பதிலிப் பொதி ஐஃப்ரேமைப் பயன்படுத்தும் இடங்களிலும் இதே தொல்லை வரக்கூடும்.

எக்ஸ்ஏபிஐ என்ற மற்றொரு தரம் 2013-இல் 1.0 பதிப்பாக வந்தபோது, யார் என்ன செய்தார் என்பதை வாக்கியங்களாகப் பதிவுக் கிடங்குக்கு அனுப்பும் சுதந்திரத்தைத் தந்தது. ஆனால் எல்எம்எஸ் பாடத்தை எப்படித் திறக்க வேண்டும் என்பதை வரையறுக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது 2016-இல் வெளிவந்த சிஎம்ஐ5. பாடம் எந்த டொமைனிலும் இருக்கலாம் என்பது இதன் வடிவமைப்பிலேயே உள்ளது: எல்எம்எஸ் ஒருமுறை மட்டும் பயன்படும் முகவரியைத் தருகிறது, பாடம் அதிலிருந்து அனுமதிச் சாவியைப் பெற்றுப் பதிவுகளை அனுப்புகிறது. முடித்தால் போதுமா, தேர்ச்சியும் வேண்டுமா என்பதைப் பாட அமைப்புக் கோப்பிலேயே குறிக்கலாம். தொழில்நுட்ப அளவில் இந்த வேலைக்கென்றே தைத்த சட்டை இது. வாங்கவிருக்கும் எல்எம்எஸ் இதை முழுமையாக ஏற்கிறதா என்பதைக் கேட்டு நிறுத்தாமல், மாதிரிப் பாடம் ஒன்றை ஏற்றிப் பார்த்துவிட வேண்டும்.

எனவே பணியாளர் பயிற்சிக்கு, எல்எம்எஸ் சிஎம்ஐ5-ஐ உண்மையாகவே தாங்கினால் அதையும், இல்லையெனில் பதிலிப் பொதியையும் நான் தேர்வேன். மதிப்பெண் ஏட்டை மையமாகக் கொண்ட கல்விச்சாலைக்கு எல்டிஐ 1.3-ஐத் தேர்வேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இன்னொன்றையும் கேட்டு வாங்க வேண்டும். ஸ்கார்மிலும் சிஎம்ஐ5-இலும் பாடம் அனுப்பிய நிலையும் விடை விவரங்களும் வாங்கியவரின் பக்கமே தங்கும். எல்டிஐயில் மதிப்பெண் மட்டும் தங்கி, விடைகளும் விட்ட இடமும் விற்பவரின் சர்வரில் கிடக்கும். உரிமம் முடியும் நாளில் அந்த விவரங்களை எந்த வடிவத்தில், எத்தனை நாட்களுக்குள் தருவார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.