ஸாமாட் ஹெல்ப்டெஸ்க்கின் தேடல்: தேக்கா அலுவலகத்துக்குச் சரிப்படுமா?

வாடிக்கையாளர் கேள்விகளைப் பதிவுசெய்து பதில் சொல்ல உதவும் ஹெல்ப்டெஸ்க் மென்பொருளை டெமோவில் பார்க்கும்போது டிக்கெட் (ஒவ்வொரு கேள்விக்குமான பதிவு) திரை அழகாக இருக்கிறதா என்று பார்ப்போம். வேலை சூடுபிடித்த பிறகு ஊழியர்கள் திட்டுவது தேடல் பெட்டியைத்தான். அதனால் இங்கே ஸாமாட்டின் தேடலை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். கார்கோ, பணம் அனுப்பும் சேவை, பயண முகவர் என்று சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில், சிராங்கூன் சாலைப் பக்கம் ஐந்தாறு பேர் உட்கார்ந்து தமிழ், ஆங்கிலம், மலாய் மூன்றிலும் கேள்வி வாங்கும் அலுவலகம்தான் நம் அளவுகோல்.

ஸாமாட் திறமூல மென்பொருள். சொந்த சர்வரில் நிறுவினால் உரிமக் கட்டணம் இல்லை. தேடலுக்கு எலாஸ்டிக்சேர்ச் என்ற தனி மென்பொருளை நம்பியிருக்கிறது. அது இல்லாமலும் ஸாமாட் ஓடும், ஆனால் தேடல் முடங்கிப்போகும். குறைந்தது 4 ஜிபி ரேம் என்பது ஸாமாட் நிறுவனமே சொல்லும் கணக்கு. எலாஸ்டிக்சேர்ச்சும் அதே சர்வரில் என்றால் இன்னொரு 4 ஜிபி. செலவைக் குறைக்க 4 ஜிபி சர்வரிலேயே இரண்டையும் திணித்தால், நினைவகம் தீர்ந்த நேரத்தில் லினக்ஸ் முதலில் பலிகொடுப்பது பெரும்பாலும் எலாஸ்டிக்சேர்ச்சைத்தான். டாக்கரில் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) போடுபவர்கள் சர்வரில் விஎம் மேக்ஸ் மேப் கவுண்ட் (vm.max_map_count) என்ற அமைப்பை 262144 ஆக்க மறக்கக் கூடாது. மறந்தால் எலாஸ்டிக்சேர்ச் கன்டெய்னர் தொடங்கிய வேகத்தில் நின்றுவிடலாம்.

ஏஜென்ட் (டிக்கெட்டுக்குப் பதில் சொல்லும் ஊழியர்) தேடலில் நமக்குப் பிடித்தது, புலம் குறிப்பிட்டுத் தேட முடிவது. தலைப்பில் மட்டும், அனுப்பியவர் முகவரியில் மட்டும், இந்தத் தேதி முதல் அந்தத் தேதி வரை, ஐந்துக்கு மேல் கடிதம் போய்வந்த டிக்கெட்டுகள் மட்டும் என்று வடிகட்டலாம். கடைசியாகச் சொன்னதை வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலே எந்தக் கேள்விக்கு நம் பதில் தெளிவாக இல்லை என்பது தெரிந்துவிடும். கவனிக்க வேண்டிய ஒன்று: சும்மா சொல்லைத் தட்டினால் ஸாமாட் தானாகவே கடைசியில் ஒரு நட்சத்திரக் குறியைச் சேர்த்துக்கொள்கிறது, பாதிச் சொல்லுக்கும் விடை வரும். புலப்பெயரும் முக்காற்புள்ளியும் போட்டுவிட்டால் அந்த உதவி கிடையாது. நட்சத்திரத்தை நாமே போட வேண்டும். தட்டிய சொற்கள் அத்தனையும் டிக்கெட்டில் இருக்க வேண்டும் என்பதும் விதி. வாடிக்கையாளரின் முழு வாக்கியத்தையும் வெட்டி ஒட்டினால் திரை வெறுமையாகத்தான் வரும். அரிதான இரண்டு சொல் போதும்.

சிங்கப்பூருக்கே உரிய தலைவலி தொலைபேசி எண். எட்டு இலக்கத்தை ஒருவர் சேர்த்து எழுதுவார், இன்னொருவர் நான்கு நான்காகப் பிரிப்பார், மூன்றாமவர் முன்னால் 65 சேர்ப்பார். இடைவெளி விட்டால் அது குறியீட்டில் (தேடலுக்காக எலாஸ்டிக்சேர்ச் வைத்திருக்கும் சொற்பட்டியல், இண்டெக்ஸ்) இரண்டு தனிச் சொல்லாகப் பதிவாகிறது. சேர்த்துத் தேடினால் அகப்படாது. கடைசி நான்கு இலக்கத்துக்கு முன்னால் நட்சத்திரம் போட்டுத் தேடினால் மூன்று வகையும் சிக்கும். நட்சத்திரம் முன்னால் வரும் தேடல் மெதுவானது, ஆனால் சில ஆயிரம் டிக்கெட்டுக்குப் பாதகமில்லை.

இனி தமிழ். எலாஸ்டிக்சேர்ச்சில் உள்ளமைந்த, சொல்லின் விகுதியை நீக்கி வேர்ச்சொல்லைக் காணும் மொழிப் பகுப்பான்களின் பட்டியலில் இந்தி, வங்காளம், இந்தோனேசியம் எல்லாம் உண்டு; தமிழும் மலாயும் இல்லை. (போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 2019இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்தே தமிழ் வேர்ச்சொல் வசதி இருக்கிறது என்பதை நினைத்தால் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.) விளைவு: ‘கட்டணம்’ என்று தேடினால் ‘கட்டணத்தை’, ‘கட்டணத்துக்கு’ எதுவும் வராது. மகர ஒற்று திரிந்துவிடுவதால் சொல்லின் கடைசியில் சேரும் நட்சத்திரக் குறியும் கைகொடுக்காது. ‘கட்டண’ என்று நிறுத்தினால் எல்லாம் வரும். புது ஊழியருக்கு முதல் நாளே சொல்லவேண்டியது இது: ‘ம்’மில் முடியும் சொல்லில் அந்த ‘ம்’மை விட்டுவிடு. இரண்டு சொல் என்றால் தானியங்கி நட்சத்திரம் கடைசிச் சொல்லுக்கு மட்டுமே. முதல் சொல்லுக்கு நாமே போட வேண்டும்.

இதைவிட நுணுக்கமான பொறி எழுத்தில் இருக்கிறது. ‘கவுண்டர்’ என்பதைப் பலர் ‘கௌண்டர்’ என்கிறார்கள். அதிலும் சிலர் ஔகாரக் குறியைப் போடாமல், ஒற்றைக் கொம்பும் ‘க’வும் ‘ள’வும் சேர்த்துத் தட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேபோல. கணினிக்கு அது ‘கெளண்டர்’, வேறு சொல். யூனிகோடு இயல்பாக்கம்கூட இந்த இரண்டையும் ஒன்றாக்காது, ஏனென்றால் ‘ள’ தனி எழுத்து. எந்த மென்பொருளை வாங்கினாலும் இந்தச் சிக்கல் கூடவே வரும். தீர்வு உதவிக் கட்டுரையை எழுதுபவர் கையில்தான்.

ஸாமாட்டின் அறிவுத்தளத்தில் (அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில் தொகுப்பு) ஒரே பதிலைப் பல மொழியில் வைக்கலாம். ஒவ்வொரு பதிலின் அடியிலும் ‘வேறு பெயர்கள்’ என்று ஒரு வரி சேருங்கள்: கவுண்டர், கௌண்டர், கெளண்டர், பேநவ், பே நவ், பெட்டி, பாக்ஸ், பார்சல். ரோமன் எழுத்தில் தமிழ் தட்டுபவர்களுக்காக அந்த வடிவங்களும் வேண்டும். பார்க்க அழகாக இராது, பலன் உண்டு. தலைப்பில் ‘சரக்கு நிலவரம் அறிதல்’ என்று எழுதிவிட்டு யாரும் தேடவில்லையே என்று வருந்திப் பயனில்லை. ‘என் பாக்ஸ் எங்கே வந்திருக்கிறது?’ என்றே வையுங்கள். பதில் எழுதும்போது இரண்டு கேள்விக்குறி தட்டினால் அறிவுத்தளப் பதிலைத் தேடி அப்படியே கடிதத்தில் சேர்க்கலாம். மிக நல்ல வசதி.

இணைப்புகளில் பிடிஎஃப், வேர்டு கோப்புகளின் உள்ளடக்கமும் தேடலில் வரும், இயல்பாக 10 எம்பி வரை. எலாஸ்டிக்சேர்ச் 8.4க்கு முந்தையது என்றால் இதற்கான செருகுநிரலைத் தனியே நிறுவ வேண்டும். படங்கள் கிடையாது. பேநவ் (சிங்கப்பூரின் மின்னியல் பணப்பரிமாற்றச் சேவை) ரசீது என்று வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் தேடலின் கண்ணுக்குத் தெரியாது. பரிவர்த்தனை எண்ணை ஊழியர் உள்குறிப்பில் தட்டி வைத்தால்தான் பிறகு அகப்படும். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பும் அப்படியே.

‘பழைய டிக்கெட் வருகிறது, இன்று வந்தது வரவில்லை’ என்று புகார் வந்தால் முதலில் டிஸ்க்கைப் பாருங்கள். 95 விழுக்காடு நிரம்பியதும் எலாஸ்டிக்சேர்ச் குறியீட்டை எழுதவிடாமல் பூட்டிவிடும். டிக்கெட்டுகள் வழக்கம்போல் வந்துகொண்டிருப்பதால் யாருக்கும் உறைக்காது. இடத்தைக் காலிசெய்த பிறகு, விடுபட்டவற்றுக்காக முழுக் குறியீட்டையும் மறுபடி கட்டும் கட்டளையை ஓட்ட வேண்டும். டிக்கெட் அதிகமென்றால் நேரம் பிடிக்கும்; அதுவரை தேடல் அரைகுறை. அலுவலகம் மூடிய பிறகு செய்யுங்கள்.

தேடல் நன்றாக வேலைசெய்வதே ஓரிடத்தில் தொல்லை. அடையாள அட்டை எண்ணைத் தேவையின்றி வாங்கி வைக்கக் கூடாது என்ற வழிகாட்டுதல் 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நாம் கேட்காவிட்டாலும் வாடிக்கையாளர் கடிதத்தில் எழுதிவிடுவார், அது குறியீட்டிலும் ஏறிவிடும். ஸாமாட்டில் சாய்கோடுகளுக்கு நடுவே வடிவம் கொடுத்துத் தேடலாம்: எஸ், டி, எஃப், ஜி, எம் இவற்றில் ஓர் எழுத்து, ஏழு இலக்கம், பிறகு ஓர் எழுத்து. எழுத்துகளைச் சிறிய வடிவில் கொடுங்கள், குறியீட்டில் அப்படித்தான் இருக்கும். மாதம் ஒருமுறை ஓட்டி, வரும் பட்டியலை நிறுவனத்தின் தகவல் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள். எதை அழிப்பது, எதை வைத்திருக்கச் சட்டப்படி காரணம் உண்டு என்பது அவர் முடிவு.